பழைய மகிழுந்து வாங்குவோருக்கான பாதுகாப்பு (இந்தியா)

பழைய மகிழுந்தை முகவரிடம் வாங்கும் பலர், பணம் கொடுத்துச் சாவியைப் பெற்றதும் வண்டி தமக்குச் சொந்தமாகிவிட்டதாகக் கருதுகின்றனர். ஆனால் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பொதுவாக யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரையே உரிமையாளராகக் கொள்கிறது. ஏமாற்றங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன.

முகவரின் தகுதி

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பழைய வாகனங்களை வாங்கி விற்கும் முகவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். அது ஐந்து ஆண்டுகள் செல்லும். உரிமையாளர் வண்டியை முகவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்த பின், முகவரே உரிமையாளராகக் கருதப்படுவார். இவ்விரண்டும் இல்லாதவர் வெறும் இடைத்தரகரே. அவர் தரும், முன்கூட்டியே கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களை நம்பிப் பணம் தருவது ஆபத்தானது. பழைய உரிமையாளர் இறந்துவிட்டாலோ, கையொப்பத்தை மறுத்தாலோ பெயர் மாற்றம் தடைபடும்.

பணம் தருமுன் சரிபார்க்க வேண்டியவை

* சேஸிஸ் எண், எஞ்சின் எண்: வண்டியில் பொறிக்கப்பட்டவை பதிவுச் சான்றிதழுடன் ஒத்திருக்க வேண்டும். சுரண்டிய தடம் இருந்தால் வாங்கக் கூடாது. திருட்டு வண்டியை அறியாமல் வாங்கியவருக்கும் பொதுவாக உரிமை கிடைக்காது.
* கடன்: பதிவில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் தேவை.
* அபராதம்: நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களை அரசின் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம்.
* ஓடிய தூரம்: மீட்டரைத் திருத்த முடியும். சர்வீஸ் பதிவேடுகளுடன் ஒப்பிட்டு, தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுவது நல்லது.

வாங்கிய பின்

வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்தைப் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால், விபத்தில் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடும்.

குறை தீர்வு

முகவர் வணிகர் என்பதால், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவர் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தன் சொந்த வண்டியை விற்கும் தனிநபருக்கு இச்சட்டம் பொதுவாகப் பொருந்தாது. எனவே முகவரின் பெயரிலேயே ரசீது பெற்று, பணத்தை வங்கிவழி செலுத்துவது முக்கியம். சேஸிஸ் எண், மீட்டர் அளவு, வாய்மொழியாகத் தந்த உறுதிகள் ஆகியவை அந்த ரசீதில் எழுதப்பட்டிருந்தால் பின்னர் சான்றாகும்.