காயலாங்கடைக்குப் போன கணினி

நான் வங்கியில் இருந்தபோது கிளையின் பழைய கணினி, யூபிஎஸ் எல்லாவற்றையும் அதிக விலைக்கு எடுக்கும் காயலாங்கடைக்காரருக்கே கொடுப்போம். ரசீது சரியா என்று பார்த்தோம்; பொருள் எங்கே போகுது என்று கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் எண்ணூரில் பார்த்தேன். கொசஸ்தலை ஆற்றோரம் இரண்டு பேர் ஒயர்க் குவியலைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். உறை எரிந்தால் செம்பு மிஞ்சும். கிலோ கணக்கில் விற்கலாம். முதலில் அந்தப் புகையை விழுங்குவதும் அவர்கள்தான்.

பிவிசி உறை எரியும்போது டையாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகிறது. சர்க்யூட் போர்டின் பற்றவைப்பிலும் பழைய டிவியின் படக்குழாயிலும் ஈயம், குழல்விளக்கில் பாதரசம். இவை இலைதழை மாதிரி மக்காது. எந்த நுண்ணுயிரும் ஈயத்தைத் தின்று தீர்க்காது. மழையில் கரைந்து ஆற்றுச் சேற்றில் தங்கும். அந்த ஆற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நமக்கென்ன என்று இருக்க முடியாதுங்க. மாநகரக் குப்பை உரம் நம் வயலுக்கும் வருது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆய்வறிக்கை கேட்டு வாங்குங்க.

புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. மறுசுழற்சி செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பழைய போன், சார்ஜர், டிவி எதையும் எருக்குழியில் போடாதீங்க, எரிக்காதீங்க. நனையாமல் சாக்கில் சேர்த்து வையுங்க. பத்து வீட்டுச் சாக்கு சேர்ந்ததும் பதிவு பெற்றவரிடம் மொத்தமாகக் கொடுக்கலாம். நாலு காசு குறையலாம், மண் மிஞ்சும்.