கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அறை

"நான் வரல. நீங்களே பார்த்து நல்லதா எடுத்துட்டு வாங்க."

தங்கையின் கூறைப் புடவை எடுக்கக் கோலாலம்பூர் போகலாம் என்றதும் அம்மா சொன்ன பதில் இது. பட்டின் தரம், கரையின் அகலம், சரிகையின் கனம் எல்லாம் எங்கள் வீட்டில் அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பா இல்லாத வீட்டில், கடைசி மகளின் கூறையைத் தன் கையால் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு உண்டு. ஆனால், முழங்கால் வலி. அதைவிட, முந்தைய பயணங்களின் நினைவு.

ஈப்போவிலிருந்து தலைநகருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விடியற்காலையில் காரில் கிளம்பி, அன்று இரவே திரும்பிவிடுவது எங்கள் வழக்கம். 'ஹோட்டல் காசு மிச்சம்' என்பது கணக்கு. மதியத்துக்குள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும். துணிக்கடை நாற்காலியில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவார். மாலை 4 மணிக்கு மேல் நாங்கள் எடுத்த புடவைகள் பிடித்து எடுத்தவை அல்ல. 'போதும், கிளம்பலாம்' என்று எடுத்தவை. அப்படி வாங்கி வந்து வருத்தப்பட்ட இரண்டு மூன்று புடவைகள் இன்னும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.

ஒரு தீபாவளிக்கு ஹோட்டலிலும் தங்கிப் பார்த்தோம். விலை மலிவு, 'நகர மையம்' என்று போட்டிருந்தார்கள். வரைபடத்தில் கடைத்தெரு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது, நடந்து கடக்க வழியில்லை என்று. ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார், நெரிசல், காத்திருப்பு. மிச்சம் பிடித்த காசு அதிலேயே போனது. காலையில் அறையை விட்டு வந்தால் இரவில்தான் திரும்ப முடிந்தது. அப்படியானால் அந்த அறை எதற்கு?

இந்த முறை முதலில் ஹோட்டலைத் தேடவில்லை. எங்கெங்கே கடைக்குப் போகிறோம் என்று எழுதினோம். பட்டுப் புடவை, ரவிக்கைத் துணி, வேட்டி: ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவும் அதை ஒட்டிய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும். மாலை, பூஜைச் சாமான்: பிரிக்பீல்ட்ஸ். இரண்டில் அதிக நேரம் பிடிப்பது புடவை. ஆகவே, மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுத்தோம். அங்கிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு கிளானா ஜெயா தடத்தில் இரண்டே நிறுத்தங்கள். இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ்.

"பக்கத்திலேயே ரூம்மா. கால் வலிச்சா நீங்க போய்ப் படுத்துக்கலாம்," என்றேன். "ஒரு நாள் தூக்கத்துக்கு அவ்வளவு காசா? வீண் செலவு," என்று முணுமுணுத்தாலும், அம்மா பையை எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை நான், அம்மா, தங்கை, என் ஏழு வயது மகன் நால்வரும் இ.டி.எஸ். ரயில் ஏறினோம். ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல். ஹோட்டலில் அறை தரும் நேரம் பிற்பகல் 3 மணி. அதற்கு முன்பே போனாலும் பெரும்பாலான ஹோட்டல்களில் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு நாளுக்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, 'வயதானவர் வருகிறார், அறை சீக்கிரம் தயாரானால் கொடுங்கள்' என்று கேட்டிருந்தேன். 2 மணிக்கே கொடுத்தார்கள். கேட்டால்தானே கிடைக்கும்!

காலையில் இரண்டு கடைகள் ஏறி இறங்கினோம். அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எல்லாருக்கும் பிடித்த மாதிரி இருந்தது. பழைய மாதிரி பயணமாக இருந்தால் அங்கேயே பணம் கட்டியிருப்போம். வாழை இலைச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் மகனும் அறைக்குத் தூங்கப் போனார்கள். நானும் தங்கையும் வளையலும் ரவிக்கைத் துணியும் பார்த்தோம்.

5 மணிக்குக் கதவைத் தட்டினோம். அம்மா முகம் கழுவி, தேநீர் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். "அந்த அரக்கு வேணாம்மா. கரை எடுப்பா இல்ல. ரெண்டாவது கடையில மாம்பழ நிறத்துல ஒண்ணு காட்டினானே, அதை இன்னொரு தடவை பார்க்கணும்," என்றார்.

போனோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் கடையில் நின்றும் உட்கார்ந்தும் பார்த்தார். முந்தானையைப் பிரித்தார், தங்கையின் தோளில் போட்டார், விலையும் பேசினார். மாம்பழ நிறமும் மெரூன் கரையும். "இதுதான்," என்றார். தங்கையின் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை வெயிலில் நிறத்தைச் சரிபார்க்கப் புடவையை அறையின் சன்னலோரம் விரித்தோம். கோலாலம்பூர் நகர ஹோட்டல்கள் பலவற்றில் சன்னல் இல்லாத அறைகளும் உண்டு. விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுவாகவும் இருக்கலாம். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மின்தூக்கி எல்லா மாடிக்கும் போகிறதா? நாலு பேர் தங்கினால் கூடுதல் கட்டில் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? காரில் வருபவர்களுக்கு நிறுத்துமிடம் இருக்கிறதா? பழைய நகரப் பகுதியில் சொந்த நிறுத்துமிடம் இல்லாத ஹோட்டல்கள் ஏராளம். நகை எடுப்பவர்கள் அறையில் பாதுகாப்புப் பெட்டகம் உண்டா என்று கேட்பது நல்லது.

விலையைப் பார்க்கும்போது வரி சேர்த்த தொகையா என்று பாருங்கள். 2024 மார்ச் முதல் தங்குமிடத்துக்கான சேவை வரி 8 விழுக்காடு. 180 வெள்ளி அறை என்றால் கட்டுவது 194 வெள்ளி 40 காசு. சிங்கப்பூரிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ வரும் உறவினர் பெயரில் அறை எடுத்தால், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரியும் உண்டு. மலேசியருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது கிடையாது. தீபாவளி நெருக்கத்தில் அறையும் ரயில் டிக்கெட்டும் சேர்ந்தே தீர்ந்துபோகும். முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அறை சிறியது, பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை. சனிக்கிழமை மாலை அங்கே பசார் மாலாம் வேறு. தெருச் சத்தம் வெகு நேரம் கேட்டது. மகனுக்கோ அதுதான் கொண்டாட்டம். இரவு 8 மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தின்பண்டம் வாங்கி வந்தோம். அம்மா படுத்தபடியே தொலைக்காட்சி பார்த்தார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கு அறையை ஒப்படைத்தோம். பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் போய் மாலைக்குச் சொல்லிவிட்டு வந்தோம். மாலை ரயிலில் அம்மா புடவைப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

கைப்பையில் எதையோ தேடியபோது, அந்த ஹோட்டலின் முகவரி அட்டை எட்டிப் பார்த்தது. "இது எதுக்கும்மா?"

"எதிர் வீட்டு அக்கா மகளுக்கு வர்ற தை மாசம் கல்யாணம். அவளுக்கும் கால் வலிதான்," என்றார் அம்மா.