கேஸ் தீர்வதில்லை, கசிகின்றது!

கோடை பிறந்தால் பல இல்லங்களில் ஒரே முறையீடு: "ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துவிட்டதாம்!" ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவதை வழக்கமான செலவாகவே பலரும் எண்ணுகின்றனர். இது தவறு.

ஏ.சி.யின் கேஸ், அடுப்பு கேஸைப் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுவது. அது குறைந்திருப்பின், எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள்.

குளிர் குறைதல், குழாயில் பனி படிதல், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை கசிவின் அடையாளங்கள். எனினும், தூசு அடைத்தாலும் பனி படியும். ஆகவே முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள்.

கசிவைக் கண்டறிய, குழாயில் நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவுவர். குமிழி எழும் இடமே கசிவு. அதனைச் சீராக்கியபின், வேக்குவம் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் அகற்றி, இயந்திரத்தின் தகட்டில் குறித்துள்ள எடைக்கே கேஸ் நிரப்புதல் வேண்டும்.

இன்று பரவலாக உள்ள ஆர்-32 தீப்பற்றக் கூடியது. ஆர்-290 எளிதில் பற்றுவது. எனவே கசிவை ஐயுற்றால் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், நெருப்பை அண்டவிடாதீர்கள். பழைய ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. ஆர்-32 ஓசோனுக்குத் தீங்கிழைக்காது. ஆயினும் புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பன்னூறு மடங்கு வலியது.

கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பிக் கூலி பெறுவது நாணயமன்று. கேளாமல் கொடுப்பதோ மார்க்கம் வெறுக்கும் வீண்விரயம். அடுத்த முறை மெக்கானிக் வந்தால், விலையைக் கேட்குமுன், "கசிவு எங்கே?" என்று கேளுங்கள்.