தைப் பனியில் வெறுங்கால் ஓட்டம்: பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை



தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தையும் மாசியும்தான் வழக்கமாக நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கிற காலம். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அக்கரப்பத்தனை, டயகம பக்கங்களில் புல் வெள்ளை பூத்துக் கிடக்கிற காலை நேரத்தில்தான் பிள்ளைகள் மரதன் ஓட்டத்துக்குப் பழகுகிறார்கள். அதில் பலர் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள்.

இந்த நாட்களில் தாய்மார் நம்மிடம் கேட்கிற கேள்வி இரண்டு. "சப்பாத்து வாங்க காசு இல்லீங்க ஐயா, புள்ளைய ஓட வேணாம்னு சொல்லிடவா?" என்பது ஒன்று. "வெறுங்கால்ல ஓடுனா குளிரு உள்ள எறங்கி காய்ச்ச வந்துறாதுங்களா?" என்பது மற்றது.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். சப்பாத்து இல்லை என்பதற்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. சளியும் காய்ச்சலும் கிருமியால் வருகிறவை, வெறுங்காலால் மட்டும் வருவதில்லை. ஆனால் குளிரில் மரத்துப்போன காலோடு ஓடுவது ஆபத்து. வெறுங்கால் வேறு, உணர்வில்லாத கால் வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

வெறுங்காலால் ஓட முடியுமா?

தாராளமாக முடியும். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியா நாட்டு அபேபே பிகிலா வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கினார். தூரம் 42 கிலோமீற்றருக்கு மேல். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 செக்கன். அது அன்றைய உலகச் சாதனை. வழியில் பழைய கல் பதித்த ரோட்டும் இருந்தது. அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடினார். 2 மணி 12 நிமிடத்தில் முடித்து மறுபடியும் தங்கம் வாங்கினார். ஆகவே வெறுங்காலும் குற்றமில்லை, சப்பாத்தும் குற்றமில்லை. பழகிய காலும் பயிற்சியும்தான் முக்கியம். இன்னொன்றையும் கவனியுங்கள். ரோமில் அவர் ஓடியது செப்டெம்பர் மாதத்து மாலை நேரம். காலடியில் பனி இல்லை.

வெறுங்காலோடு வளர்ந்தவர்கள் ஓடுகிற விதமே வேறு. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழுவினர் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கென்யா நாட்டு ஓட்டக்காரர்களையும் சப்பாத்துப் போட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. மொத்த அடி உள்ள சப்பாத்துப் போட்டுப் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். வெறுங்காலில் பழகியவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியை முதலில் ஊன்றுகிறார்கள். அதனால் தரையில் பட்டவுடன் வருகிற அதிர்ச்சி குறைகிறது. அந்த வேலையைக் கெண்டைக்கால் ஏற்றுக்கொள்கிறது. வெறுங்காலில் ஓடினால் காயமே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

அதே பேராசிரியரின் குழு 2019இல் இன்னொரு விஷயத்தைக் கண்டது. வெறுங்காலோடு நடந்து நடந்து அடிப்பாதம் தடித்துப்போனாலும் தரையை உணர்கிற சக்தி குறைவதில்லை. கொழுந்து மலையில் நடந்து தடித்த கால் கல்லையும் முள்ளையும் தாங்கும், தரை எப்படி என்பதையும் மூளைக்குச் சொல்லும். அந்தச் சக்தியைத் தற்காலிகமாகப் பறிப்பது குளிர்.

குளிர் காலுக்கு என்ன செய்கிறது?

நம் உடம்பு ஒரு சிக்கனமான குடும்பத் தலைவி மாதிரி. குளிர் கூடினால் முதலில் இருதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றைச் சூடாக வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்காகக் கை விரல், கால் விரல்களுக்குப் போகிற சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். சூடான இரத்தம் விரலுக்குக் குறைவாகப் போகும். விரல் வெளுக்கும், குளிரும், பிறகு மரத்துப்போகும். கால் ஈரமாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காற்றை விடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக இழுத்துவிடும். பனி படிந்த புல்லில் பத்து நிமிடம் நிற்பது, காய்ந்த தரையில் அதிக நேரம் நிற்பதை விட மோசம்.

மரத்த காலோடு ஓடினால் என்ன ஆகும்? கவ்வாத்துக் குச்சி குத்தினாலும், போத்தல் துண்டு கிழித்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. காலை எவ்வளவு பலமாக ஊன்றுகிறோம் என்பதும் தெரியாது. கணுக்கால் பிசகும். விறைத்த தசையோடு திடீரென்று வேகம் எடுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஓட்டம் முடிந்து கால் சூடேறிய பிறகுதான் வலியே தெரியும். அதற்குள் காயத்தோடு மூன்று நாலு மைல் ஓடி முடித்திருப்பார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஈரக் குளிரில் அடிக்கடி நின்றால் சிலருக்குக் கால் விரல் சிவந்து வீங்கும். சூடு பட்டதும் அரிப்பும் எரிச்சலும் எடுக்கும். இது குளிரால் வருகிற வீக்கம். அரிப்பு எடுக்கிறதே என்று அடுப்பு நெருப்பில் காலைக் காட்டக் கூடாது. கொதிக்கிற தண்ணீரிலும் வைக்கக் கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். துடைத்து, கம்பளியால் சுற்றி, மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். புண்ணானால் தோட்ட வைத்தியரிடம் காட்டுங்கள்.

பனி எங்கே தேங்கும்?

இது தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உறைபனி விழுந்தால் எந்த மலையில் கொழுந்து கருகும் என்று கேட்டால் கங்காணிமார் உடனே பள்ளத்தைக் காட்டுவார்கள். மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிப் பள்ளத்துக்கு வடிந்து தேங்குகிறது. நம் பாடசாலை மைதானங்கள் பலவும் இப்படிப் பள்ளத்தில் வெட்டிய சமதரைதான். ஆகவே இரவு நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் மறுநாள் காலை மைதானத்துப் புல் உறைந்திருக்கும் என்று எதிர்பாருங்கள். அன்றைக்குப் பயிற்சியை வெயில் முதலில் விழுகிற மேட்டுப் பாதையில் வையுங்கள். இல்லாவிட்டால் பனி இறங்கும் வரை, எட்டு மணி எட்டரை மணி வரை பொறுங்கள். ஆசிரியர்மாரிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

ஓடுவதற்கு முன்

1. மேல் உடம்பைச் சூடாக வையுங்கள். காலுக்குச் சூடு வருவது இரத்தத்தால். தொப்பியும் சுவெட்டரும் போட்டால் உடம்பு சூட்டை மிச்சம் பிடிக்காமல் காலுக்கும் அனுப்பும். ஓட்டம் தொடங்குகிற நேரத்தில் கழற்றினால் போதும்.

2. கிரவுண்ட் வரை செருப்புப் போட்டு வரட்டும். தொடங்கும் வரை ஈரப் புல்லில் நிற்க வேண்டாம். காய்ந்த உரச் சாக்கு ஒன்றை விரித்து அதன் மேல் நிற்கலாம். ஆனால் ரப்பர் சிலிப்பரோடு ஓட விடாதீர்கள். பனி ஈரத்தில் அது வழுக்கும்.

3. பத்துப் பதினைந்து நிமிடம் வேகமாக நடந்து, மெதுவாக ஓடி, குதித்து உடம்பைச் சூடேற்ற வேண்டும்.

4. காலைச் சோதியுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஒரு புல்லால் ஒவ்வொரு விரலாகத் தொடுங்கள். எந்த விரல் என்று சரியாகச் சொல்ல வேண்டும். பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெள்ளை மறைந்து சீக்கிரம் சிவக்க வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் இன்னும் சூடேற்றிய பிறகே ஓட வேண்டும்.

ஓடுகிற பாதையை முதல் நாளே பெரியவர் ஒருவர் நடந்து பார்ப்பது நல்லது. புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலை, புதிதாகக் கல் கொட்டிய ரோட்டு, லயத்துப் பின்பக்கக் கான் இவற்றைத் தவிருங்கள். கான் பக்கம் வேண்டாம் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருக்கும். அவை வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும். இலங்கைத் தோட்டங்களில் இதை ஒழிக்கும் இயக்கம் 1916ஆம் ஆண்டே தொடங்கியது. மலசலகூடத்தைப் பாவிப்பதும், நேரத்துக்குப் பூச்சி மருந்து குடிப்பதும் இன்றைக்கும் அவசியம். இரத்தம் குறைந்த பிள்ளையால் மேடு ஏறி ஓட முடியாது.

ஓடி முடிந்த பிறகு

வியர்வை காய்வதற்குள் சுவெட்டர் போட வேண்டும். காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துவாயால் துடைக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். வலிக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலும் பாருங்கள். குத்திய காயம் இருந்தால் ஓடுகிற தண்ணீரில் கழுவி டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள், தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். ஏற்பு ஊசி தேவையா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். மண்ணையோ சாணியையோ காயத்தில் அப்பாதீர்கள். குளிர் காற்றில் குதிகால் வெடித்தால் இரவில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

சப்பாத்து வாங்குவதாக இருந்தால்

கடன் பட்டு விலை கூடிய சப்பாத்து வாங்க வேண்டாம். மெக்சிகோ நாட்டு மலைகளில் ராராமுரி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர் போனவர்கள். பழைய டயர் ரப்பரை வெட்டி, வார் கட்டி, அந்தச் செருப்போடு ஓடுவார்கள். நம் ஊரிலும் டயர் செருப்பு போட்ட பெரியவர்கள் உண்டு. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் லெட்வில் என்ற மலை ஊரில் நடந்த 100 மைல் ஓட்டத்தில் அந்த மக்களில் ஒருவரான விக்டோரியானோ சுர்ரோ முதலாவதாக வந்தார். அவருக்கு அப்போது வயது 55. காலில் டயர் செருப்புதான். அந்த ஊர் நம் பிதுருதலாகலை மலையை விட உயரத்தில் இருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிய மறைப்பு ஒன்று இருந்தால் போதும் என்பதுதான். பாடசாலைக்குப் போடுகிற சாதாரணக் கன்வஸ் சப்பாத்தே இதற்குப் போதும். அடி மெல்லியதாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். இரண்டு கையால் வளைத்தால் வளைய வேண்டும். விரல்கள் நெருக்காமல் விரிய இடம் வேண்டும். காலில் நழுவாமல் கட்ட முடிய வேண்டும். மேஸ் நனைந்தால் ஓட்டம் முடிந்தவுடன் கழற்றிவிட வேண்டும்.

மிக முக்கியமாக, போட்டி அன்றைக்குப் புதுச் சப்பாத்துப் போட்டு ஓட விடாதீர்கள். வெறுங்காலில் பழகிய பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து கொப்புளம் கட்டும். மூன்று நாலு கிழமைக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். அதேபோல எப்போதும் சப்பாத்துப் போட்ட பிள்ளையைத் திடீரென்று வெறுங்காலில் ஓட விடாதீர்கள். கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் அதைத் தாங்காது.

யார் வெறுங்காலில் ஓடக் கூடாது?

சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது, நடக்கவும் கூடாது. அவர்களில் பலருக்குக் குளிர் இல்லாமலே கால் மரத்திருக்கும், காயம் ஆறவும் நாளாகும். காலில் புண் உள்ளவர்கள், முன்பு குளிர் வீக்கம் வந்தவர்கள், காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகாத பிள்ளைகள், இவர்களையும் பனிக் காலையில் ஓட விட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர் காற்றில் ஓடும்போது இழுப்பு வரலாம். வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, ஓடக் கூடிய பிள்ளைகள் நம் லயங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். "சப்பாத்து இல்லை" என்று நாம் சொல்கிற ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளை கோட்ட மட்டத்துக்கும் வலய மட்டத்துக்கும் போகிற வழி அடைபட்டுப் போகலாம். "பழகிய கால்தானே" என்று கவனிக்காமல் விட்டால், ஒரு போத்தல் துண்டில் அதே பிள்ளை ஒரு மாதம் படுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம். நாளைக் காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளையின் காலைக் கையில் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, உணர்வு இருக்கிறதா? அப்படியானால் தைரியமாக ஓடி வரச் சொல்லுங்கள்.