ஏரிகளை இணைக்கும் ராஜகால்வாய்கள்: நடைபாதை காப்பாற்றுமா?

கோலார் தங்கவயல்: வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத கோலார் மாவட்டத்தில், வேளாண்மை பல நூற்றாண்டுகளாக ஏரிகளை நம்பியே நடைபெற்று வந்துள்ளது. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் உபரி நீர் கலிங்கு வழியாக வெளியேறி, அடுத்த ஏரியைச் சென்றடையும். இவ்விரண்டையும் இணைக்கும் நீர்வழியே 'ராஜகால்வாய்'.

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறும் இத்தகைய ஏரிகளின் ஊடாகவே பாய்கிறது. தங்கச் சுரங்கங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நீர் வழங்கிய பேத்தமங்கலா ஏரி, அவ்வாற்றின் போக்கிலேயே அமைந்துள்ளது.

இடையில் ஒரு கால்வாய் தூர்ந்தாலும் கீழுள்ள ஏரிகள் வறண்டுவிடும். ஆகவே, கால்வாயோரம் நடந்து கண்காணிக்க ஊர்தோறும் 'நீருகண்டி' இருந்தார். தமிழகத்தின் நீர்க்கட்டியைப் போல, மதகைத் திறப்பதும் நீரைப் பங்கிடுவதும் அவரது பொறுப்பு. அறுவடையில் ஒரு பங்கு தானியமே அவருக்குக் கூலி.

மலைநாடுகளிலும் இதே முறை உண்டு. போர்ச்சுகலின் மதீரா தீவில், மழை மிகுந்த வடபகுதியிலிருந்து வறண்ட தென்பகுதிக்கு நீர் கொண்டுசெல்ல 15-ஆம் நூற்றாண்டு முதல் 'லெவாடா' எனும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. பராமரிப்பாளர் நடப்பதற்காக அவற்றின் ஓரம் அமைந்த ஒற்றையடிப் பாதைகள், இன்று சுற்றுலாப் பயணிகள் விரும்பும் மலைநடைப் பாதைகளாகியுள்ளன. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்திலுள்ள 'பீஸ்' கால்வாய்களும் அவ்வாறே. அந்நாடு உள்ளிட்ட 7 ஐரோப்பிய நாடுகளின் மரபுவழிப் பாசன முறையை, யுனெஸ்கோ 2023-இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கோலாரில் நிகழ்ந்தது வேறு. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் ஏரிப் பாசனம் குன்றியது. நீருகண்டியின் பணியும் மறைந்தது. கவனிப்பாரற்ற கால்வாய்களில் புதர் மண்டியது. பல இடங்களில் அவை ஆக்கிரமிக்கப்பட்டன.

பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை இம்மாவட்ட ஏரிகளில் நிரப்பும் 'கே.சி. வேலி' திட்டம் 2018-இல் தொடங்கியது. அந்நீரும் ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு இப்பழைய வழிகளிலேயே செல்ல வேண்டியுள்ளதால், ராஜகால்வாய்கள் மீண்டும் முக்கியத்துவம் பெற்றுள்ளன.

கிராம வரைபடங்களில் உள்ள எல்லையை அளந்து, கரையோரம் நடைபாதை அமைத்தால் ஆக்கிரமிப்பும் அடைப்பும் உடனுக்குடன் தெரியவரும். ஆயினும் பாதை மட்டும் போதாது. மதீராவில் இன்றும் கால்வாய்களைப் பராமரிக்கப் பணியாளர்கள் உள்ளனர். கோலாரிலும் நீருகண்டியின் பொறுப்பை ஏற்க ஊதியத்துடன் ஒருவர் இருந்தால்தான், கலிங்கைத் தாண்டும் நீர் கடைசி ஏரி வரை சென்றடையும்.