சிரிக்க வைத்தவருக்குச் சிறைத் தண்டனை

யாரோ ஒருவர் மேடையில் சொன்ன ஹாஸ்யத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "ஊம், அப்புறம்?" என்பார்கள் வீட்டார். வார்த்தைகள் என்னவோ அவைதாம். ஆனால் அவருடைய குரலும், அவர் சற்றே நிறுத்திய இடமும், முகத்தில் தெரிந்த குறும்பும் கூட வருவதில்லையே!

இந்தச் சின்ன விஷயம் ஒரு மனிதரின் தலைவிதியோடு விளையாடியது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் அப்படி நடந்தது. அந்த மனிதர் லென்னி புரூஸ். கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மேடையில் தன்னந்தனியாக நின்று, பேசியே சிரிக்க வைப்பது அவர் தொழில்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி ராபர்ட் வைடி என்பவர் தயாரித்த டாகுமெண்டரி படம் 1998-ல் வெளிவந்தது. 'ஸ்வேர் டு டெல் த ட்ரூத்' என்று பெயர். உண்மையே சொல்வதாகச் சாட்சிக் கூண்டில் செய்யும் சத்தியம்தான் படத்தின் தலைப்பு. பிரபல நடிகர் ராபர்ட் டி நீரோ பின்னணியில் கதை சொல்கிறார். ஆஸ்கார் பரிசுக்கான போட்டியிலும் இடம் பெற்ற படம் இது.

தாயைப் போலப் பிள்ளை

லென்னி 1925-ல் நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லெனார்ட் ஷ்னைடர். தாயார் ஸாலி மார் மேடையில் ஆடிப் பாடி, விகடம் செய்து பிழைத்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் கப்பற் படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய பிள்ளை, தாயின் தொழிலையே பிடித்துக்கொண்டார். அந்தத் தாயாரும், விவாகரத்தான மனைவி ஹனியும், மகள் கிட்டியும் படத்தில் தோன்றித் தங்கள் லென்னியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மாமியார் கதையும் குடிகாரன் கதையும் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு தொல்லையும் வந்திராது. அவரோ வெள்ளையர் கறுப்பர் பேதத்தைக் கிண்டல் செய்தார். மதத்தை ஒரு கம்பெனி போல நடத்தும் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்தார். நாலு பேர் நடுவில் யாரும் உச்சரிக்காத வார்த்தைகளையும் தாராளமாக உச்சரித்தார். முகம் சுளித்தவர்கள் பலர். ஆனால் 1961 பிப்ரவரியில், பனிப் புயல் அடித்த ஒரு நள்ளிரவில், நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அவரைக் கேட்கப் பெருங் கூட்டம் கூடியது.

கிளப்பில் போலீஸார்

அதே வருஷம் அக்டோபரில் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஆபாசப் பேச்சு என்று கைது செய்தார்கள். ஜூரிகள் விடுதலை செய்தார்கள். 1962 டிசம்பரில் சிகாகோவில் மறுபடியும் கைது. 1963-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தங்கள் நாட்டுக்குள் நுழையவே கூடாது என்றது. 'இவரைக் கூப்பிட்டால் நம் லைசென்ஸுக்கு ஆபத்து' என்று கிளப் முதலாளிகள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள்.

1964 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு காபி ஹவுஸில் நடந்த நிகழ்ச்சிதான் பெரிய வழக்காயிற்று. கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த லைசென்ஸ் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர், கோர்ட்டில் அந்தக் குறிப்பைப் பார்த்து லென்னியின் ஹாஸ்யத்தை ஒப்பித்தார். எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? சிரிப்பெல்லாம் உதிர்ந்து, கெட்ட வார்த்தைகள் மட்டும் மிஞ்சின. இந்த ஆள் சொதப்புவதற்கு நான் ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்று தவித்தார் லென்னி. தம் நிகழ்ச்சியைத் தாமே நடித்துக் காட்டுவதாகக் கெஞ்சியும் பார்த்தார். பலிக்கவில்லை.

எலிஸபெத் டெய்லர், ரிச்சர்ட் பர்ட்டன், பாப் டிலன், வுடி ஆலன் முதலிய பிரபலஸ்தர்கள் அவருக்காக விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் மூன்று நீதிபதிகளில் இருவர் குற்றவாளி என்றார்கள். நான்கு மாதச் சிறைத் தண்டனை. அப்பீலுக்காக ஜாமீனில் வெளியே வந்தார்.

சிரிப்பு வற்றியது

அதற்குப் பிறகு வருவதைப் பார்க்கத்தான் மனம் கலங்குகிறது. வக்கீல்களை விலக்கிவிட்டுச் சட்டப் புத்தகங்களோடு இரவு பகலாக மல்லாடினார். மேடையேறினாலும் வழக்கு விசாரணையைத்தான் வாசித்துக் காட்டினார். சிரிக்க வந்தவர்கள் சலிப்போடு எழுந்து போனார்கள். 1965-ல் திவாலானார். போதை மருந்துப் பழக்கமோ வெகு நாளாகவே இருந்தது. படம் அதைப் பூசி மெழுகவில்லை. 1966 ஆகஸ்டு 3-ம் தேதி ஹாலிவுட் வீட்டில், மார்பின் மிஞ்சிப் போய் இறந்து கிடந்தார். வயது நாற்பது. அப்பீல் முடியவே இல்லை.

படம் வெளிவந்து ஐந்து வருஷம் கழித்து, 2003 டிசம்பரில், நியூயார்க் மாநில கவர்னர் ஜார்ஜ் படாகி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்துபோன ஒருவருக்கு அந்த மாநிலம் மன்னிப்பு அளித்தது அதுவே முதல் தடவை. லென்னி போய் முப்பத்தேழு வருஷமாகியிருந்தது!

குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கும் படமல்ல இது. லென்னியின் பேச்சு எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரின் குறிப்பில் விட்டுப்போன குரல் இதில் இருக்கிறது. கோர்ட்டார் கேட்க மறுத்ததை நாம் கேட்டுவிட்டு, அவரவர் தீர்ப்பைச் சொல்லிக்கொள்ளலாம்.