சுகர் தானாகக் குறைந்தால் சந்தோஷப்படலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாருக்குக் கிட்னி பிரச்சினை என்றாலும் அடுத்த கேள்வி "சிஎம்சி போனீங்களா?" என்பதுதான். அதற்குக் காரணம் இருக்கு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் வேலூர் சிஎம்சியில்தான் நடந்தது. ஆனாலும் கிட்னி என்றாலே சிறுநீர் பிரிக்கும் ஃபில்டர் என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. நம்ம உடம்போட எனர்ஜி கணக்கிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் வேலை, குளுக்கோஸ் தயாரிப்பது. ராத்திரி சாப்பிட்டுத் தூங்கினால் காலை வரைக்கும் ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கல்லீரல். கூடவே கிட்னியும் அமினோ அமிலம், லாக்டேட் போன்றவற்றிலிருந்து குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடுகிறது.

இரண்டாவது, வேலை முடிந்த இன்சுலினை உடைத்து அகற்றுவது. ஊசி மூலம் போடும் இன்சுலினுக்கு இது ரொம்ப முக்கியமான வழி.

இப்போ கிட்னி பழுதானால் என்ன ஆகும்? குளுக்கோஸ் தயாரிப்பு குறையும். இன்சுலின் உடையாமல் ரத்தத்திலேயே அதிக நேரம் தங்கும். சில சுகர் மாத்திரைகளும் அப்படித்தான் தேங்கும். நேற்று வரை சரியாக இருந்த அதே டோஸ் இன்னைக்கு அதிகமாகிடும். "எனக்கு சுகர் குணமாயிடுச்சு" என்று வீட்டில் யாராவது சந்தோஷப்பட்டால், அது கிட்னி தரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். வியர்வை, கை நடுக்கம், குழப்பம், மயக்கம் எல்லாம் லோ சுகரின் அறிகுறிகள்.

சரி, ஏன் அவ்வளவு சோர்வு? எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைப் பெரும்பாலும் கிட்னிதான் சுரக்கிறது. அது குறைந்தால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி குறையும். ரத்தசோகை வரும். தசைக்கு ஆக்ஸிஜன் போதாது. ஆக்ஸிஜன் போதாவிட்டால் செல்லுக்குள் ஏடிபி உற்பத்தியும் போதாது. வெளியேறாத அமிலம் ரத்தத்தில் சேர்ந்து தசைப் புரதத்தையே கரைக்கும். பசியும் போய்விடும். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் படி ஏறவே மூச்சு வாங்கினால், அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

டயாலிசிஸ் கழிவையும் அதிகப்படி நீரையும் எடுக்கும், அமிலத்தைச் சரிசெய்யும். ஆனால் அந்த மெஷின் குளுக்கோஸ் தயாரிக்காது, ஹார்மோன் சுரக்காது. அதனால்தான் பல நோயாளிகளுக்கு எரித்ரோபொய்டின் ஊசி தனியாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அமினோ அமிலமும் வெளியே போய்விடும். அதனால் டயாலிசிஸுக்கு முன்னால் குறைக்கச் சொன்ன புரதத்தை, ஆரம்பித்த பிறகு கூட்டிச் சாப்பிடச் சொல்வார்கள்.

வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் காரணமில்லாமல் இறங்கினால் மருந்தைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்லி டோஸை மாற்றிக்கொள்ளட்டும்.